பங்கீடும் வசூலும்: கலிஃபோர்னியாவின் அரைநூற்றாண்டுப் பள்ளிக் கணக்கு

ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் உட்கார வேண்டும், பள்ளிக்கு நூலகர் உண்டா, கணக்கு ஆசிரியர் அடுத்த ஆண்டும் இருப்பாரா என்பதையெல்லாம் கல்வித் துறைதான் முடிவு செய்கிறது என்று பொதுவாக நம்புகிறோம். பாடத்திட்டம், தேர்வு, மொழிக்கொள்கை பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கிறோம். ஆனால் அரசுப் பள்ளியின் அன்றாட நிலையைப் பெருமளவு நிர்ணயிப்பது வரிச் சட்டம். எந்த வரியிலிருந்து பள்ளிக்குப் பணம் வருகிறது, அந்த வரியை யார் விதிக்கிறார்கள், வசூலான தொகையை யார் பங்கிடுகிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கான விடையில்தான் பள்ளியின் தலையெழுத்து இருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ளக் கலிஃபோர்னியாவைப் போன்ற பாடம் வேறு கிடைப்பது அரிது. அங்கே சுமார் 58 லட்சம் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரம் பள்ளி மாவட்டங்கள் அப்பள்ளிகளை நடத்துகின்றன. 1970களில் ஒருபுறம் நீதிமன்றம் பங்கீட்டைச் சமன்செய்யச் சொன்னது. மறுபுறம் வாக்காளர்கள் வசூலுக்குப் பூட்டுப் போட்டார்கள். அந்த இரண்டு முடிவுகளுக்கும் நடுவே அகப்பட்டவை பள்ளிகள். பங்கீட்டில் நீதியையும் வசூலில் உறுதியையும் சேர்த்துக் கட்டாத எந்தச் சீர்திருத்தமும் பிள்ளைகளிடம் முழுதாகப் போய்ச் சேராது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பால்ட்வின் பார்க்கும் பெவர்லி ஹில்ஸும்

அமெரிக்காவில் பள்ளிச் செலவில் மத்திய அரசின் பங்கு சிறியது. பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். மீதியை மாநிலமும் உள்ளூரும் சுமக்கின்றன. பள்ளி மாவட்டம் என்பது நம் ஊர் வருவாய் மாவட்டம் போன்றதல்ல. தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவும் தனி வரவுசெலவும் கொண்ட உள்ளாட்சி அமைப்பு அது. 1970கள் வரை அதன் முதன்மை வருவாய் தன் எல்லைக்குள் இருந்த வீடு, நிலம், கடை, தொழிற்சாலை ஆகியவற்றின் மீதான சொத்து வரி. 1968–69இல் கலிஃபோர்னியப் பள்ளிகளின் வருவாயில் பாதிக்கு மேல் உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்துதான் வந்தது.

இந்த ஏற்பாட்டை எதிர்த்து, 1968இல் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தைச் சேர்ந்த ஜான் செர்ரானோ என்ற தந்தையும் மற்றப் பெற்றோர்களும் மாநில அதிகாரிகள் மீது வழக்குத் தொடுத்தார்கள். அப்போதைய மாநிலக் கருவூலர் ஐவி பேக்கர் பிரீஸ்டின் பெயரால் ‘செர்ரானோ எதிர் பிரீஸ்ட்’ என்று அது அறியப்பட்டது. 1971இல் மாநில உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் ஒரே கவுண்டிக்குள், அதாவது மாநிலத்தின் ஒரே நிர்வாகப் பிரிவுக்குள், இருந்த இரண்டு ஊர்களின் கணக்கு இருக்கிறது. உழைப்பாளர் குடும்பங்கள் மிகுந்த பால்ட்வின் பார்க்கில் ஒரு மாணவருக்குப் பின்னால் இருந்த சொத்தின் வரி மதிப்பு 3,706 டாலர். செல்வர்களின் பெவர்லி ஹில்ஸில் அது 50,885 டாலர்.

வரி விகிதத்தைப் பார்த்தால் அநீதி இன்னும் துலக்கமாகத் தெரியும். பால்ட்வின் பார்க் மக்கள் நூறு டாலர் வரி மதிப்புக்கு 5.48 டாலர் பள்ளி வரி கட்டினார்கள். பெவர்லி ஹில்ஸ்காரர்கள் கட்டியது 2.38 டாலர். விகிதத்தை மதிப்போடு பெருக்கிப் பார்த்தால், முதல் ஊரில் ஒரு மாணவருக்குத் திரளும் தொகை சுமார் 203 டாலர். இரண்டாவது ஊரில் சுமார் 1,211 டாலர். இரண்டு மடங்குக்கும் மேலான விகிதத்தில் வரி கட்டியவர்களுக்குக் கிடைத்தது ஆறில் ஒரு பங்கு. மாநில உதவி இந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்பியது. நிரப்பிய பிறகும் பால்ட்வின் பார்க் ஒரு மாணவருக்கு 577 டாலர் செலவிட்டது, பெவர்லி ஹில்ஸ் 1,231 டாலர் செலவிட்டது. அந்த மாநில உதவியிலேயே ஒரு பகுதி, ஏழை ஊர், பணக்கார ஊர் என்று பாராமல் எல்லா மாவட்டங்களுக்கும் தலைக்கு இவ்வளவு என்று போய்க்கொண்டிருந்தது.

ஏழை ஊர் அக்கறையில்லாமல் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. தன்னால் முடிந்ததற்கும் மேலே வரி கட்டியும் அது தோற்றது. ஒரு குழந்தையின் கல்வி பெற்றோரின், அண்டை வீட்டாரின் சொத்து மதிப்பைச் சார்ந்திருப்பது சமத்துவ உரிமைக்கு மாறானது என்று நீதிமன்றம் கூறியது.

ஆனால் இதே கேள்வி டெக்சாஸிலிருந்து அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது முடிவு வேறாக வந்தது. சான் அன்டோனியோ நகரின் எட்ஜ்வுட் பகுதிப் பெற்றோர்கள் தொடுத்த வழக்கில், 1973இல், மத்திய அரசமைப்புச் சட்டத்தின்படி கல்வி அடிப்படை உரிமை ஆகாது என்று 5–4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பானது. நீதிபதி தர்குட் மார்ஷல் கடுமையாக மாறுபட்டு எழுதினார். அந்த நாளோடு தேசிய அளவிலான கதவு அடைபட்டது. போராட்டம் ஒவ்வொரு மாநிலத்தின் நீதிமன்றத்துக்கும் பிரிந்து போனது. கலிஃபோர்னியாவில் 1976இல் வந்த இரண்டாவது செர்ரானோ தீர்ப்பு மாநில அரசமைப்பை ஆதாரமாகக் கொண்டு நின்றது. மாவட்டங்களுக்கு இடையே சொத்து வளத்தால் உண்டாகும் செலவு வேறுபாட்டை ஒரு மாணவருக்கு 100 டாலருக்குள் கொண்டுவர வேண்டும் என்று ஏற்பட்டது.

1978 ஜூன் 6

பங்கீட்டைச் சமன்செய்யும் ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தபோதே வேறொரு நெருக்கடி முற்றியது. 1970களில் கலிஃபோர்னியாவில் வீட்டு விலை தாறுமாறாக ஏறியது. விலையோடு வரி மதிப்பும் ஏறியது. ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியவர்கள், கையில் ஒரு காசு கூடுதலாக வராமலேயே, ஆண்டுக்காண்டு பெரிய வரிச்சீட்டைப் பெற்றார்கள். மாநிலக் கருவூலத்திலோ உபரி குவிந்து கிடந்தது. மக்களின் கோபத்துக்கு நியாயம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. வரி எதிர்ப்பாளர்களான ஹோவர்ட் ஜார்விஸும் பால் கேனும் அந்தக் கோபத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்தார்கள். 1978 ஜூன் 6இல் வாக்கெடுப்புக்கு வந்த ‘முன்மொழிவு 13’ ஏறத்தாழ 65 விழுக்காடு வாக்குகளோடு நிறைவேறி, மாநில அரசமைப்பில் இடம்பெற்றது.

அதன் விதிகள் சுருக்கமானவை. சொத்து வரி, சொத்தின் மதிப்பில் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வரி மதிப்பு 1975ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்பும். அதன்பின் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறாது. சொத்து கைமாறும்போதோ புதிதாகக் கட்டும்போதோ மட்டுமே சந்தை விலைக்கு மறுமதிப்பீடு நடக்கும். மாநில வரியை உயர்த்தச் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். உள்ளூர்ச் சிறப்பு வரிக்கு மக்கள் வாக்கில் அதே அளவு ஆதரவு வேண்டும். ஒரே ஆண்டில் சொத்து வரி வசூல் பாதிக்கும் கீழே சரிந்தது.

இந்த ஏற்பாடு எத்தகைய வேறுபாட்டை வளர்த்தது என்பதற்கு ஸ்டெஃபனி நார்ட்லிங்கர் வழக்கு சான்று. அவர் 1988இல் லாஸ் ஏஞ்சலஸில் 1,70,000 டாலருக்கு ஒரு வீடு வாங்கினார். ஆண்டு வரி சுமார் 1,700 டாலர். அதே பகுதியில் அதேபோன்ற வீட்டில் 1970களிலிருந்து குடியிருந்தவர்கள் அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் கட்டினார்கள். மாலிபு கடற்கரையில் 21 லட்சம் டாலர் பெறுமானமுள்ள பழைய உரிமையாளரின் மாளிகைக்கும் நார்ட்லிங்கரின் எளிய வீட்டுக்கும் வரி கிட்டத்தட்ட ஒன்றே. 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8–1 என்று இந்த முறையைச் செல்லும் எனத் தீர்த்தது. ஊர்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வைக் களைய ஒரு நீதிமன்றம் பாடுபட்ட அதே மாநிலத்தில், ஒரே தெருவுக்குள் புதிய ஏற்றத்தாழ்வு அரசமைப்பின் பாதுகாப்போடு வேரூன்றியது.

செர்ரானோ தீர்ப்புக்கும் முன்மொழிவு 13க்கும் தொடர்பு உண்டா? உண்டு என்றார் பொருளியலாளர் வில்லியம் ஃபிஷல். தான் கட்டும் சொத்து வரி தன் ஊர்ப் பள்ளிக்குப் போகும்வரை வீட்டுக்காரர் அதைப் பொறுத்துக்கொண்டார். பிள்ளை இல்லாதவருக்கும் நல்ல பள்ளி வீட்டு விலையைக் கூட்டியது. பணம் மாநிலமெங்கும் சமமாகப் பிரியும் என்றானதும் அந்த ஆர்வம் போய்விட்டது என்பது அவருடைய வாதம். வேறு ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. வீட்டு விலையேற்றமும் மாநில உபரியுமே போதிய காரணங்கள் என்றார்கள். இந்த விவாதம் எப்படி முடிந்தாலும், அதற்குள் ஒரு பாடம் இருக்கிறது. எப்படிப் பங்கிட வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட முடியும். வரி கட்டும் மனத்தை அதனால் உண்டாக்க முடியாது. அந்த வேலை அரசியலுடையது. 1970களின் கலிஃபோர்னிய அரசியல் அதைச் செய்யத் தவறியது.

சாவி சாக்ரமென்டோவுக்குப் போனது

முன்மொழிவு 13க்குப் பிறகு ஊர்கள் தம் சொத்து வரி விகிதத்தைத் தாமே நிர்ணயிக்க முடியாமல் போனது. 1979இல் மாநிலம் சட்டம் இயற்றி, எஞ்சிய சொத்து வரியைக் கவுண்டி, நகரம், பள்ளி ஆகியவற்றுக்கு எந்த விகிதத்தில் பிரிப்பது என்று வகுத்தது. குறைந்ததை ஈடுகட்டத் தன் பொது நிதியைத் திறந்துவிட்டது. தலைநகர் சாக்ரமென்டோ பள்ளிகளின் கருவூலமாக மாறியது.

அன்றுமுதல் பெரும்பாலான மாவட்டங்களுக்கு ஒரு விசித்திரமான கணக்கு பொருந்துகிறது. மாவட்டத்துக்கு உரிய மொத்தத் தொகையை மாநிலச் சூத்திரம் சொல்லிவிடும். அதில் உள்ளூர்ச் சொத்து வரி எவ்வளவு வருகிறதோ அது போக, மீதியை மாநிலம் தரும். ஊரில் புதிய தொழிற்பேட்டை வந்து சொத்து வரி ஒரு டாலர் கூடினால், மாநில உதவி ஒரு டாலர் குறையும். பள்ளிக்குப் பயன் ஏதுமில்லை. சமத்துவத்துக்கு இது உதவியது. ஆனால் ஊரின் வளர்ச்சிக்கும் பள்ளிக்கும் இருந்த உறவை அறுத்தது.

சமமான பங்கீடு வந்தது, ஆனால் மொத்தம் வளரவில்லை. 1960களில் மாணவர் தலைக்குச் செலவிடுவதில் தேசியச் சராசரிக்கு மேலே இருந்த மாநிலம், 1990களில் வெகுவாகக் கீழே போனது. வகுப்புகள் நாட்டிலேயே மிகப் பெரியவற்றுள் சேர்ந்தன. 1996இல் தொடக்க வகுப்புகளை 20 மாணவர் அளவுக்குக் குறைக்க மாநிலம் தனித் திட்டமே போட வேண்டியிருந்தது.

இந்தச் சரிவைத் தடுக்க ஆசிரியர்களும் கல்வி ஆர்வலர்களும் கையிலெடுத்ததும் அதே வாக்கெடுப்பு ஆயுதந்தான். 1988இல் மயிரிழையில் நிறைவேறிய ‘முன்மொழிவு 98’, பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் குறைந்தபட்ச நிதி உத்தரவாதத்தை அரசமைப்பில் எழுதியது. நடைமுறையில் பொது நிதி வருவாயில் சுமார் 40 விழுக்காடு என்ற அளவை ஒட்டி அது நிற்கிறது. வரியைக் குறைக்கும் விதி ஒருபுறம், செலவை உறுதிசெய்யும் விதி மறுபுறம் என்று இரண்டும் அரசமைப்பில் அமர்ந்தபின், ஆண்டுதோறும் வரவுசெலவைத் தீட்டும் சட்டமன்றத்தின் கை வெகுவாகச் சுருங்கியது.

மார்ச் 15

பொது நிதியின் பெரும்பகுதி வருமான வரி. கலிஃபோர்னிய வருமான வரி படிநிலை கூடியது. ஏழையிடம் குறைவாகவும் செல்வரிடம் அதிகமாகவும் வாங்குவது. அது நீதியான வரி என்றே நான் கருதுகிறேன். ஆனால் மிக உயர்ந்த வருமானமுள்ள ஒரு விழுக்காட்டினர் மொத்த வருமான வரியில் பாதியை ஒட்டிச் செலுத்தும் நிலையில், அவர்களுடைய பங்குச்சந்தை ஆதாயம் சுருங்கினால் பள்ளி நிதியும் சுருங்கும். சொத்து வரி சமமற்றது, ஆனால் நிலையானது. வருமான வரி சமமாகப் பங்கிட உகந்தது, ஆனால் அலைபாய்வது. கலிஃபோர்னியா முதலாவதை விட்டு இரண்டாவதன் மேல் சாய்ந்தது.

அதன் விளைவை 2008 காட்டியது. நிதி நெருக்கடியில் மாநிலப் பொது நிதி வருவாய் ஒரே ஆண்டில் சுமார் 10,200 கோடி டாலரிலிருந்து 8,300 கோடி டாலருக்குச் சரிந்தது. ஆசிரியர் பணியிடங்கள் வெட்டப்பட்டன. கோடைக்கால வகுப்புகளும் கலை வகுப்புகளும் நின்றன. பல மாவட்டங்கள் கல்வியாண்டின் நாள்களைக் குறைத்தன. பள்ளிகளுக்குச் சேர வேண்டிய தவணைகளை மாநிலம் அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிப் போட்டது. சம்பளம் போடுவதற்கே மாவட்டங்கள் குறுகிய காலக் கடன் வாங்கின. அந்த வட்டியும் பள்ளிப் பணந்தான்.

காலண்டரைப் பார்த்தால் இந்த நிலையின்மை ஒரு பள்ளிக்குள் எப்படி நுழைகிறது என்பது தெரியும். ஆளுநர் ஜனவரி 10க்குள் வரவுசெலவு முன்வரைவை வெளியிடுகிறார். மே நடுவில், ஏப்ரல் வரி வசூலைப் பார்த்து, அதைத் திருத்துகிறார். ஜூன் 15க்குள் சட்டமன்றம் நிறைவேற்ற வேண்டும். ஆனால் அடுத்த கல்வியாண்டில் வேலையில்லாமல் போகக்கூடிய ஆசிரியர்களுக்கு மாவட்டம் மார்ச் 15க்குள் முன்னறிவிப்புக் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். எவ்வளவு பணம் வரும் என்று தெரிவதற்கு மூன்று மாதம் முன்பே யாரை அனுப்புவது என்று முடிவெடுக்க வேண்டும். அறிவிப்புப் பெற்றவர்களில் பலர் பின்னர் திரும்ப அழைக்கப்படுவார்கள். அதற்குள் இளம் ஆசிரியர்கள் வேறு வேலை தேடத் தொடங்கியிருப்பார்கள். பணிமூப்பு குறைந்தவர்களே முதலில் அறிவிப்புப் பெறுவதால், புதிய ஆசிரியர்கள் மிகுந்த ஏழைப் பகுதிப் பள்ளிகளே இதில் அதிகம் அடிபட்டன.

2012இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் ‘முன்மொழிவு 30’ வழியாக உயர் வருமானத்தினரின் வரியையும் விற்பனை வரியையும் தற்காலிகமாக உயர்த்தினார். 2016இல் ‘முன்மொழிவு 55’ அந்த வருமான வரி உயர்வை 2030 வரை நீட்டியது. பணம் வந்தது, அலைபாய்வு போகவில்லை. 2014இல் வாக்காளர்கள் ஒப்புதலளித்த சேமிப்பு நிதி ஏற்பாடு, நல்ல ஆண்டுகளின் உபரியில் ஒரு பகுதியைப் பள்ளிகளுக்கென எடுத்து வைக்க வழி செய்தது. அது வரவேற்க வேண்டிய காப்பு. ஆனாலும் 2023இல் புயல் மழையால் வரித் தாக்கல் கெடு நவம்பர் வரை தள்ளிப்போனபோது, வசூல் எவ்வளவு என்று அறியாமலேயே மாநிலம் வரவுசெலவை முடித்தது. பிறகு மதிப்பீடு பெரிதும் பொய்த்தது.

வேலிக்கு அப்பால்

பொதுச் சூத்திரத்துக்கு வெளியே நிற்கும் மாவட்டங்களும் உண்டு. உள்ளூர்ச் சொத்து வரியே சூத்திரத் தொகையைத் தாண்டிவிட்டால், மிகுதியை அந்த மாவட்டம் வைத்துக்கொள்ளலாம். ஆயிரத்தில் நூற்றுச் சொச்சம் மாவட்டங்கள் இவ்வகை. சிலிக்கான் பள்ளத்தாக்கின் பாலோ ஆல்டோ இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. அதற்கு மேல், மனைக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாக விதிக்கும் ‘மனை வரி’யை மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு நிறைவேற்றவும் வசதியான ஊர்களால் முடிகிறது. பெற்றோர் அறக்கட்டளைகள் நன்கொடை திரட்டி ஆசிரியர்களை நியமிக்கின்றன. அங்கே குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் வீடு தேடும்போது முதலில் விசாரிப்பது எந்தப் பள்ளி மாவட்டம் என்பதைத்தான். அந்தக் கேள்வியின் விலை வீட்டு விலையில் சேர்ந்துவிடுகிறது. அந்த விலையைக் கொடுக்க முடியாத குடும்பத்தின் பிள்ளை எல்லைக்கோட்டுக்கு அப்பால் நிற்கிறது.

2013இன் சூத்திரம்

2013இல் பிரவுன் கொண்டுவந்த ‘உள்ளூர்க் கட்டுப்பாட்டு நிதிச் சூத்திரம்’ செர்ரானோவுக்குப் பின் வந்த மிக முக்கியமான பங்கீட்டுச் சீர்திருத்தம். அதுவரை பல்வேறு தலைப்புகளில் கட்டுப்பாட்டோடு சிதறிக் கிடந்த மானியங்களில் பெரும்பாலானவற்றை அது ஒன்றாக்கியது. எல்லா மாணவர்க்கும் ஓர் அடிப்படைத் தொகை. ஏழைக் குடும்பப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர்கள், வளர்ப்புப் பராமரிப்பில் உள்ளவர்கள் ஆகியோருக்கு அதில் 20 விழுக்காடு கூடுதல். இவர்கள் 55 விழுக்காட்டைத் தாண்டும் மாவட்டத்தில், தாண்டிய ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்னும் ஒரு கூடுதல். முதலில் 50 விழுக்காடாக இருந்த இது 2021இல் 65 ஆனது.

கணக்கை எளிதாக்க, அடிப்படைத் தொகை 10,000 டாலர் என்றும் மாவட்டத்தில் 1,000 மாணவர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். அவர்களில் 200 பேர் இப்பிரிவினர் என்றால் மாவட்டத்துக்குக் கிடைப்பது 1 கோடியே 4 லட்சம் டாலர். 800 பேர் என்றால் முதல் கூடுதலாக 16 லட்சமும், 55 விழுக்காட்டுக்கு மேற்பட்ட 250 பேருக்காக 16.25 லட்சமும் சேர்ந்து 1 கோடியே 32 லட்சத்துக்கு மேல் கிடைக்கும். தேவை அதிகமுள்ள இடத்துக்கு அதிகப் பணம் என்ற கொள்கை விதியாகவே எழுதப்பட்டது. செர்ரானோவும் மற்றப் பெற்றோர்களும் 1968இல் கேட்டதைவிட இது ஒரு படி மேல்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. பெயர்ப்பட்டியலில் உள்ள எண்ணிக்கைக்கு அல்ல, சராசரி அன்றாட வருகைக்குத்தான் பணம். நோய், வேலை, வீடு மாற்றம் என்று பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகள் மிகுந்த ஏழை மாவட்டம், அந்தப் பிள்ளைகளுக்கும் ஆசிரியரையும் இருக்கையையும் வைத்துக்கொண்டே வருவாயை இழக்கிறது. 2022இல் முந்தைய ஆண்டுகளின் சராசரியையும் கணக்கிலெடுக்கும் தளர்வு வந்தது. அடிப்படை மாறவில்லை.

பணத்தால் பயன் உண்டா

பணத்தைக் கூட்டினால் கல்வி உயரும் என்பதற்கு உறுதியில்லை என்று நெடுங்காலம் வாதிடப்பட்டது. 1966இல் வெளிவந்த கோல்மன் அறிக்கை குடும்பப் பின்னணியின் செல்வாக்கை முன்னிறுத்தியது. பொருளியலாளர் எரிக் ஹனுஷெக், எவ்வளவு என்பதைவிட எப்படிச் செலவிடப்படுகிறது என்பதே முக்கியம் என்று தொடர்ந்து எழுதிவந்தார். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் 2016இல் ஜாக்சன், ஜான்சன், பெர்சிகோ ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, செர்ரானோ போன்ற வழக்குகளால் பல மாநிலங்களில் நிதி மாறிய பிள்ளைகளைப் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்தது. பன்னிரண்டு பள்ளியாண்டுகளிலும் தலைக்கான செலவு 10 விழுக்காடு கூடியிருந்தால், பிற்காலக் கூலி சுமார் 7 விழுக்காடு கூடியதாகவும் வறுமை குறைந்ததாகவும் அது கண்டது. ஏழைப் பிள்ளைகளிடம் பலன் இன்னும் பெரிது. இங்கே கவனிக்க வேண்டியது பன்னிரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து கூடிய செலவு என்பது. ஓராண்டு கொடுத்து மறு ஆண்டு பிடுங்கும் நிதியால் இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

வசூலைப் பற்றிப் பேசியாக வேண்டும்

2020இல் ‘முன்மொழிவு 15’ வாக்காளர்கள் முன் வந்தது. வீடுகளைத் தொடாமல், பெரிய வணிகச் சொத்துகளை மட்டும் சந்தை விலைக்கு மதிப்பிட்டு, வருவாயைப் பள்ளிகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் தரலாம் என்றது அது. சுமார் 52 விழுக்காட்டினர் எதிர்த்ததால் தோற்றது. ஆனாலும் கேள்வி முடிந்துபோகவில்லை. ஓய்வூதியத்தில் வாழும் மூதாட்டியை வீட்டிலிருந்து வெளியேற்றாமல் காப்பது நியாயம். வயதும் மரணமும் இல்லாத நிறுவனம் பல்லாண்டுக்கு முந்தைய மதிப்பில் வரி கட்டுவதற்கு அந்த நியாயம் பொருந்தாது. 1978இன் கோபத்துக்கு அன்றே நிதானமான மருந்து கொடுத்திருக்கலாம்: முதியோருக்கும் வருமானம் குறைந்தோருக்கும் சலுகை, மற்றவர்களுக்குப் படிப்படியான உயர்வு. மாநில உபரி கையில் இருந்தும் சட்டமன்றம் காலம் கடத்தியது. கடத்திய காலத்தின் விலையை அந்த வாக்கெடுப்புக்குப் பின் பிறந்த பிள்ளைகள் கொடுத்தார்கள்.

பள்ளி நிதி பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பங்கீட்டோடு நின்றுவிடுகிறோம். இந்தத் திட்டத்துக்கு இவ்வளவு, அந்த மாவட்டத்துக்கு இவ்வளவு என்று கேட்பது எளிது. எந்த வரி, எத்தனை நிலையானது, யார் மேல் விழுகிறது, மந்தம் வந்தால் எதைக் கொண்டு ஈடுகட்டுவது என்று கேட்பது கடினம். கலிஃபோர்னியா நல்ல சூத்திரத்தை எழுத நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அதற்கு அடியில் உறுதியான வரித்தளத்தை இன்னும் அமைக்கவில்லை. நிலையான சொத்து வரியில் ஒரு பகுதியை மாநிலம் முழுமைக்கும் பொதுவாக்கி, வருமான வரியின் ஏற்றத்தில் கட்டாயச் சேமிப்பை வலுவாக்கி, வருகைக்குப் பதில் பெயர்ப்பதிவுக்கு நிதி தந்தால், 2013இன் சூத்திரம் தான் சொன்னதைச் செய்து காட்டும். வரியைப் பற்றிய விவாதத்தில் கல்வியாளர்களும் பெற்றோர்களும் முன்வரிசையில் நிற்க வேண்டும். அங்கே எடுக்கப்படும் முடிவுதான் பிற்பாடு வகுப்பறையில் ஆசிரியராகவோ ஆசிரியர் இல்லாத நாற்காலியாகவோ வந்து சேர்கிறது.